மைனஸ் இருபதில் வெளியே போவதா, யன்னலடியில் இருப்பதா?

ஜனவரி வந்தால் எங்கள் வீட்டில் ஒரே வழக்குத்தான். "வேலை, கார், வீடு, மண்ணைக் கண்ணால் கண்டு எத்தனை நாள்?" என்று நான் தொடங்குவேன். "இந்தக் குளிருக்குள்ள எங்க போறாய், விசரே?" என்பார் அம்மா. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. நாங்கள் இருக்கிற ஸ்காபரோவில், கனடாவின் ரொறன்ரோ நகரத்துக் கிழக்குப் பக்கத்தில், டிசம்பர் 21ஆம் திகதி பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கே பதினொன்றரை மணி நேரம் உண்டு. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புகிறவருக்கு மரம், ஆறு, பறவை எல்லாம் ஏப்ரல் வரைக்கும் தள்ளிப்போட்ட காரியமாகிவிடும்.

இதைச் சமாளிக்க நான் ஏழெட்டுக் குளிர்காலங்களாகப் பல வழிகள் பார்த்துவிட்டேன். ஆற்றோரக் காட்டுப் பாதையில் நடப்பது, யன்னலுக்கு வெளியே பறவைகளுக்குத் தீனி வைப்பது, நகரத்துக் கண்ணாடித் தோட்டத்துக்குப் போய்வருவது, வீட்டுக்குள் சாடியில் செடி வளர்ப்பது. அத்தான் விடாமல் கூப்பிட்டதால் உறைந்த ஏரியில் மீன் பிடிக்கவும் ஒருமுறை போனேன். இவற்றில் எது உங்களுக்கு ஒத்துவரும் என்பது உங்கள் முழங்கால், உங்கள் வீட்டு யன்னல், அன்றைய காற்று மூன்றையும் பொறுத்தது.

காற்றிலிருந்தே தொடங்குகிறேன். கைபேசியில் தெரியும் வெப்பநிலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது நான் ஆரம்பத்தில் விட்ட பிழை. உடம்பைச் சுற்றி ஒரு மெல்லிய சூட்டுப் படலம் இருக்கும். காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடுவதால் தோல் வேகமாகக் குளிர்கிறது. இதைக் கணக்கில் எடுத்துச் சொல்லும் எண்தான் விண்ட் சில். வெப்பநிலை மைனஸ் 20, காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் விண்ட் சில் மைனஸ் 33. கனடாவில் பயன்படும் அட்டவணைப்படி மைனஸ் 28 முதல் 39 வரை மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம். மைனஸ் 40ஐத் தாண்டினால் அது 5 முதல் 10 நிமிடமாகக் குறையும். ஆகவே எனக்கு மைனஸ் 28தான் கோடு. அதற்கு மேலே இருந்தால் நடை, கீழே போனால் வேறு வழி. அம்மாவுக்கு அந்தக் கோடு மைனஸ் 10இல் இருக்கிறது. அதைப் பற்றி நான் இப்போதெல்லாம் வாதாடுவதில்லை.

நடையில் எனக்குப் பிடித்த இடம் ரூஜ். கனடாவின் முதல் தேசிய நகரப் பூங்கா இது, 2015இல் உருவானது. 79 சதுர கிலோமீட்டர் அளவில் ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்திலிருந்து வடக்கே நீண்டு கிடக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது, குளிர்காலத்திலும் திறந்திருக்கும். எங்கள் ஆட்கள் கோடையில் கோழி வாட்டப் பூங்காக்களுக்குப் போவார்கள். ஜனவரியில் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டார்கள். அதனாலேயே அப்போது அங்கே ஒரு அமைதி. புதிதாக விழுந்த ஸ்நோ நுண்ணிய துளைகள் நிறைந்தது, சத்தத்தை உறிஞ்சிவிடும். நெடுஞ்சாலை கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் பள்ளத்துக்குள் இறங்கினால் உங்கள் சப்பாத்து நொறுக்கும் சத்தம்தான் கேட்கும். இன்னொரு நன்மையும் உண்டு: தெருவில் முகத்தை அறுக்கிற காற்று, ஆற்றுப் பள்ளத்தில் மரங்களுக்கு நடுவே பாதியாகக் குறைந்தது போல இருக்கும். முகப்பில் நின்று "ஐயோ" என்று திரும்பிப் போகிறவர்கள் இன்னும் இருநூறு அடி நடந்து பார்க்கலாம்.

மாஸ்ட் பாதை என்று ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன் கப்பல்களின் பாய்மரத்துக்காக உயர்ந்த பைன் மரங்களை வெட்டி இழுத்துக்கொண்டு போன வழி அது. கோடையில் இலை மறைத்துவிடுவதால் அந்த மேட்டின் உருவம் தெரியாது. குளிர்காலத்தில் நிலத்தின் எலும்பு முழுவதும் தெரியும். எங்கே வெட்டினார்கள், எப்படி இறக்கியிருப்பார்கள் என்று கண்ணாலேயே ஊகிக்கலாம்.

ஸ்நோ ஒரு கொப்பிப் புத்தகம் மாதிரி, இரவு நடந்ததை எல்லாம் எழுதி வைத்திருக்கும். முயல் தடத்தில் பெரிய பின்னங்கால் அடையாளங்கள் முன்னாலும் சின்ன முன்னங்கால் அடையாளங்கள் பின்னாலும் இருக்கும். பாயும்போது பின்கால்கள் முன்கால்களைத் தாண்டி விழுவதால் அப்படி. முதலில் நான் அந்தத் தடத்தைத் தலைகீழாக வாசித்து, முயல் போன திசைக்கு எதிராகவே கொஞ்ச நேரம் நடந்திருக்கிறேன். அப்புறம் மான், அணில், கயோட்டி என்கிற காட்டு நாய் இனம். நாய் அங்குமிங்கும் அலைந்து நடக்கும். கயோட்டி அநேகமாக ஒரு நேர்கோட்டில், வேலைக்குப் போகிற ஆளைப் போலப் போயிருக்கும். பீச் (beech) மரக்கன்றுகள் காய்ந்த இலைகளை உதிர்க்காமல் வைத்துக்கொண்டு வெளிறிய பழுப்பு நிறத்தில் சரசரத்துக்கொண்டு நிற்கும். குளிர்காலக் காட்டில் எனக்கு மிக வடிவாகத் தெரியும் நிறம் அது.

காலடியில் இருப்பது இன்னும் விசேஷம். ஆழமான ஸ்நோ ஒரு போர்வை. மேலே மைனஸ் 20 ஆக இருந்தாலும் அடியில், மண்ணோடு ஒட்டிய இடத்தில், வெப்பம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்கும். சுண்டெலி இனங்கள் அதற்குள் சுரங்கம் போட்டு வாழ்கின்றன. இந்தப் பக்கத்துக் காட்டுத் தவளை ஒன்று இலைச் சருகுக்குள் கிடந்து உடம்பு நீரில் பாதிக்கு மேல் பனிக்கட்டியாகி, இதயத் துடிப்பும் நின்று, வசந்தத்தில் உருகி எழுந்து போகும். அதை நீங்கள் பார்க்க மாட்டீர்கள். ஆனால் அது அங்கே கிடக்கிறது என்று தெரிந்த பிறகு நடக்கிற நடை வேறு மாதிரி இருக்கும்.

சரி, இதன் குறைகள். முதலாவது வழுக்கல். ஸ்நோவைவிட, அது உருகி மறுபடி உறைந்த பாதைதான் ஆபத்து. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சரிவில் விழுந்து இடது மணிக்கட்டில் ஒரு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தேன். சப்பாத்தின் அடியில் மாட்டும் இரும்பு முள் பட்டையை வாங்கியது அதற்குப் பிறகுதான். இப்போது அது காரிலேயே கிடக்கும். இரண்டாவது உடுப்பு. உடம்போடு ஒட்டியிருக்கும் அடுக்குக்குப் பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உங்களைக் குளிரப் பண்ணும். கம்பளியோ செயற்கை நூலோ நல்லது. விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாகக் கிடக்கும் கையுறை சூடு. மூன்றாவது நேரம். மதியம் 12க்கும் 2க்கும் நடுவில் போவதுதான் என் வழக்கம். வார நாட்களில் வேலை செய்கிறவருக்கு அது சனி, ஞாயிறு மட்டும்தான் கிடைக்கும்.

ஒன்று இடையில் சொல்லிவிடுகிறேன். "வெயிலில் நடந்தால் விட்டமின் டி கிடைக்கும்" என்று பலர் சொல்வார்கள். இந்த அகலாங்கில் நவம்பர் முதல் பெப்ரவரி வரை சூரியன் மிகத் தாழ்வாகப் போவதால் தோலில் அது அநேகமாக உருவாவதே இல்லை. எங்களைப் போன்ற கருந்தோல்காரருக்கு நிலைமை இன்னும் மோசம். அதற்கு வைத்தியரைக் கேட்டு மாத்திரை எடுப்பதுதான் வழி. ஆனால் வெளிச்சத்தின் பலன் வேறு. மூட்டமான நாளில்கூட வெளி வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு. அரை மணி நேரம் போய்வந்த நாளில் எனக்கு இரவு ஒழுங்காக நித்திரை வருகிறது.

இனி யன்னல். நடையோடு போட்டி போடக்கூடியது இது ஒன்றுதான் என்பது என் எண்ணம். காரணம், அது ஒவ்வொரு நாளும் நடக்கும். காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி யன்னலடியில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். கறுப்பு ஓட்டுச் சூரியகாந்தி விதை போட்ட ஒரு தீனிக்கூடு வைத்தால் முதலில் வருவது சிக்கடீ. கறுப்புத் தொப்பி, வெள்ளைக் கன்னம், எடை 11 கிராம் அளவில். இரண்டு ஒரு-டாலர் நாணயங்கள் அதைவிடக் கனம். அந்தச் சின்ன உடம்பு மைனஸ் 25 இரவை எப்படித் தாண்டுகிறது? இருட்டியதும் தன் உடல் வெப்பத்தைப் பத்து டிகிரி அளவுக்குத் தாழ்த்தி எரிபொருளை மிச்சம் பிடிக்கிறது. பகலில் ஒரு நேரத்துக்கு ஒரு விதையாக எடுத்துக்கொண்டு போய் மரப்பட்டை இடுக்குகளில் ஒளித்து வைக்கும், ஒளித்த இடங்களை நினைவிலும் வைத்திருக்கும். அதன் கூப்பாட்டில் கடைசியில் வரும் 'டீ' எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள். ஆபத்து பெரிதானால் 'டீ'யும் கூடும். எங்கள் வளவுக்குப் பூனை வந்தால் எனக்கு முதலில் தெரிவது அந்த 'டீ டீ டீ டீ'யால்தான்.

அடுத்து கார்டினல், வெள்ளை நிலத்தில் குங்குமம் சிந்தியது போல. வடக்கே இதைவிடக் குளிரான இடங்களிலிருந்து ஜங்கோ என்ற சின்னச் சாம்பல் நிறப் பறவைகள் இறங்கி வந்து நிலத்தில் சிந்தியதைப் பொறுக்கும். ரொறன்ரோ அவற்றுக்கு வெப்பமான தெற்கு! இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் கேட்கிறது.

தீனிக்கூட்டுக்கும் சட்டமும் தொல்லையும் உண்டு. ரொறன்ரோ நகரத்தில் காட்டுயிர்களுக்குத் தீனி வைக்கத் தடை இருக்கிறது. சுத்தமாகப் பராமரிக்கும் பறவைத் தீனிக்கூட்டுக்கு மட்டும் விலக்கு. ரூஜ் பூங்காவுக்குள் கையில் விதையை நீட்டுவதும் கூடாது. நான் முன்பு இருந்த மாடிக் கட்டடத்தில் பல்கனியில் தீனிக்கூடு வைக்கவே விடவில்லை. கீழ்வீட்டுக்காரரின் கதிரையில் எச்சம் விழுந்தது என்று கடிதம் வந்தது. கோபம் வந்தது, ஆனால் கதிரை அவருடையது. தனி வீடானாலும் சிந்திய விதைக்கு எலி வரும், ரக்கூன் வரும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை கூட்டைக் கழற்றி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் பறவைகளுக்கு நோயைப் பரிமாறுகிறோம் என்று அர்த்தம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் கண்ணாடி. முதல் வருடம் யன்னலிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிக் கூட்டைத் தொங்கவிட்டேன். ஒரு காலை 'டக்' என்று சத்தம். போய்ப் பார்த்தால் ஸ்நோவில் ஒரு ஜங்கோ. வானம் கண்ணாடியில் தெரிந்தால் பறவைக்கு அதுவும் வானம்தான். கூடு யன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் இருந்தால் அடிபடும் வேகம் எடுக்க இடமில்லை. அதோடு கண்ணாடியின் வெளிப்பக்கம் ஐந்து சென்ரிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் ஒட்ட வேண்டும். ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது வீண். இப்போது என் குசினி யன்னல் கோலப் புள்ளி வைத்தது போல இருக்கிறது. அந்த ஜங்கோவுக்குப் பிறகு வேறு பறவை அடிபடவில்லை.

எண்ணிப் பார்க்கிற ஆசை உள்ளவர்களுக்கு யன்னலில் இன்னொரு லாபம். தீனிக்கூட்டுக்கு வரும் பறவைகளைக் குளிர்காலம் முழுவதும் எண்ணும் ஃபீடர்வாட்ச் என்ற கணக்கெடுப்பு 1976இல் இதே ஒன்ராறியோ மாகாணத்தில், லாங் பாயின்ட்டில்தான் தொடங்கியது. அது நீளம் என்றால் பெப்ரவரியில் நாலு நாள் மட்டும் நடக்கும் பெரிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. குறைந்தது 15 நிமிடம் எண்ணினால் போதும். என் மகள் அதில் எண்ணத் தொடங்கித்தான் பறவைப் பெயர்களைப் படித்தாள். நான் நடைக்குக் கூப்பிட்டால் வராத பிள்ளை.

கண்ணாடித் தோட்டத்தை அம்மாவின் பெயரில் எழுதுகிறேன். நகர மையத்தில் இருக்கும் ஆலன் தோட்டத்தின் பனைமண்டபம் 1910இல் கட்டியது. இலவசம். வெளியே மூக்குக்குள் மயிர் உறைகிற குளிர். கதவைத் தள்ளி உள்ளே போனதும் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி பிடித்து ஒரு நிமிடம் ஒன்றும் தெரியாது. துடைத்துப் போட்டால் எதிரே வாழை. அம்மா முதல்முறை அங்கே நின்று இலையின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "எங்கட வளவுக்குள்ள நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். ஈரமண் வாசம் மட்டுமே அந்தப் பயணத்துக்குப் போதும். முழங்கால் வலி, ஆஸ்துமா, கைக்குழந்தை, யாருக்கும் தடையில்லை. விண்ட் சில் மைனஸ் 40 ஆனாலும் உள்ளே ஒன்றும் மாறாது.

அதுதான் என் தயக்கமும். அங்கே போனால் குளிர்காலத்தை மறக்கலாம், ஆனால் அதை அறிய முடியாது. ஊர் ஞாபகத்துக்கு அது மருந்து. நான் இருபது வருடமாக வாழும் இந்த நிலத்தைப் பற்றி அந்த வாழை எனக்கு எதுவும் சொல்வதில்லை. மாதத்துக்கு ஒருமுறை போகலாம். அதையே வழியாக வைத்துக்கொண்டால் ஏப்ரலில் வெளியே வரும்போது நீங்கள் ஒரு புது ஆள் மாதிரித்தான் நிற்பீர்கள்.

சாடிக் கறிவேப்பிலையும் இதே இனம், வீட்டுக்குள் இருக்கிற ஊர். இரவு வெப்பம் 10க்குக் கீழே இறங்க முன்பே உள்ளே எடுத்துவிட வேண்டும். தெற்குப் பார்த்த யன்னல், ஹீற்றர் காற்று நேராக அடிக்காத இடம். என் முதல் கன்றை நான் கொன்றது குளிரால் இல்லை, அன்பால். இலை கொட்டுகிறதே என்று தண்ணீர் ஊற்ற ஊற்ற வேர் அழுகிவிட்டது. குளிர்காலத்தில் அது பாதி நித்திரையில் இருக்கும், இலை கொட்டுவது வழக்கம். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். வறண்ட வீட்டுக் காற்றில் சிலந்திப் பேன் பிடிக்கும், இலையின் அடிப்பக்கத்தை அடிக்கடி பாருங்கள். கன்று ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கட்டும். ஆனால் இயற்கையோடு இருக்க ஒரே ஒரு வழிதான் தேர்வு செய்யலாம் என்றால் இதைத் தேர்வு செய்யாதீர்கள்.

சிம்கோ ஏரி மீன்பிடிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பனிக்கட்டியில் துளை போட்டு, குடிலுக்குள் சூடு போட்டு, பேர்ச் மீனுக்காகக் காத்திருப்பது. தெளிந்த நீலப் பனிக்கட்டி பலமானது, வெள்ளை அதில் பாதிப் பலம், சாம்பல் நிறத்தில் காலே வைக்கக் கூடாது. தெரிந்த ஆள் இல்லாமல் போகவே கூடாது. 18 முதல் 64 வயது வரை அனுமதிப்பத்திரம் வேண்டும்; பெப்ரவரியில் குடும்ப நாள் என்ற விடுமுறை வாரஇறுதியில் அது இல்லாமலும் கனடாவில் வசிப்பவர்கள் பிடிக்கலாம். அத்தானுக்கு அது தவம். எனக்கு ஆறு மணி நேரமும் கால்விரல்களைப் பற்றிய கவலையாகவே போயிற்று. அன்று பிடித்த மீனின் பொரியல் நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

நடக்கவும் முடியாது, வீட்டுக்குள் இருக்கவும் பொறுக்கவில்லை என்பவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு: ஏரிக்கரையில் காரை நிறுத்திக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்ப்பது. ஒன்ராறியோ ஏரி ஆழமானது, முழுவதும் உறைவது மிக அரிது. அதனால் வடதுருவப் பக்கத்திலிருந்து நீளவால் வாத்துகள் குளிரைக் கழிக்க இங்கேதான் வருகின்றன. ஸ்காபரோவின் புளஃபர்ஸ் பூங்காக் கரையில் எக்காள அன்னங்களையும் பார்க்கலாம். ஒன்ராறியோவில் வேட்டையால் இல்லாமலே போன இந்தப் பறவையை 1982இல் ஹாரி லம்ஸ்டன் என்ற உயிரியலாளர் திரும்பக் கொண்டுவரத் தொடங்கினார். சிலவற்றின் சிறகில் எண் எழுதிய மஞ்சள் அட்டை இருக்கும். அம்மா அந்த எண்களை ஒரு பழைய கடித உறையின் பின்பக்கத்தில் குறித்து வைக்கிறார், எதற்கென்று கேட்டால் "சும்மா" என்பார். ஏரிக்கரையில் காற்று மோசம் என்பதால் கதவைத் திறக்காமல் பார்ப்பதே நல்லது.

ஆக என் தெரிவு இப்படி. வார நாட்களுக்கு யன்னல், அதில் மாற்றமில்லை. வாரஇறுதியில் கோடு தாண்டாத நாளானால் நடை, அதுவும் ஒவ்வொரு கிழமையும் ஒரே நாற்பது நிமிடப் பாதை. புதுப் புது இடம் தேடிப் போனால் பார்க்கிங்கும் வரைபடமும்தான் நினைவில் நிற்கும். ஒரே பாதையில் போனால் போன கிழமை இல்லாத தடம் எது, எந்த மரம் விழுந்திருக்கிறது என்று தெரியும். மாடியில், தீனிக்கூடு வைக்க முடியாமல் வாழ்கிறவர்கள் நடையை முதலாவதாக வைத்து, முடியாத நாளில் ஏரிக்கரைக் காரைப் பிடிக்கலாம். வயதானவர்களோடு இருப்பவர்களுக்கு கண்ணாடித் தோட்டம் இல்லாமல் ஜனவரி ஓடாது.

இந்தச் சனிக்கிழமைக்கு மைனஸ் 17, காற்று 25 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் விண்ட் சில் சரியாக மைனஸ் 28. அம்மா ஏற்கெனவே கைப்பையில் உறையையும் பேனாவையும் வைத்துவிட்டார். நான் இரும்பு முள் பட்டை காரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். சனிக்கிழமை காலையில் காற்றைப் பார்ப்போம்.